ஒரு கப் மைதா எத்தனை கிராம்? இடத்துக்கு இடம் கணக்கு மாறுகிறதே

#1 மாலைமேகம்

வணக்கம். நான் பார்த்த ஒரு கேக் செய்முறையில் மைதா 2 கப், சர்க்கரை 1 கப், வெண்ணெய் அரை கப், முட்டை 3 என்று இருந்தது. வீட்டில் புதிதாக டிஜிட்டல் தராசு வாங்கியிருப்பதால் எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்றிச் செய்யலாம் என்று தேடினேன். அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. ஒரு அட்டவணையில் 1 கப் மைதா 120 கிராம், இன்னொன்றில் 130, மூன்றாவதில் 150. மாவு குறைந்தால் கேக் அமுங்கிவிடுமோ என்ற பயத்தில் 150-ஐயே எடுத்துக்கொண்டு 300 கிராம் போட்டேன்.

கலவை கரண்டியிலிருந்து விழவே இல்லை, உருண்டையாக ஒட்டிக்கொண்டு நின்றது. ஓவனில் மேல்பக்கம் வெடித்தது. வெட்டினால் உதிர்கிறது, தொண்டையில் அடைக்கிறது. இரண்டு மணி நேர வேலை வீணாகப் போனது. இந்த மூன்றில் எதுதான் சரியான எண்?

#2 மாவுக்கரண்டி

மூன்றுமே சரிதான், அதனால்தான் இந்தக் குழப்பம். நானும் முதலில் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் ஒரே கப், ஒரே மாவுப் பையை வைத்துக்கொண்டு அளந்து பார்த்தேன்.

சல்லடையைக் கப்புக்கு மேலேயே பிடித்து மாவைச் சலித்து விழவிட்டு, கத்தியின் முதுகால் தலைதட்டினால் 112 கிராம். டப்பாவில் மாவைக் கிளறிவிட்டு, கரண்டியால் எடுத்துக் கப்பில் மெதுவாகப் போட்டுத் தலைதட்டினால் 122. கப்பையே மாவுக்குள் விட்டு அள்ளித் தலைதட்டினால் 142. அள்ளிய கப்பை மேடையில் நாலு தட்டு தட்டி, குறைந்த இடத்தை மறுபடி நிரப்பினால் 160-ஐத் தாண்டிவிட்டது. கப் மாறவில்லை, மாவும் மாறவில்லை. கை வேலை மட்டும்தான் மாறியது.

ஆக, அட்டவணை போட்டவர் எப்படி அள்ளினாரோ அதுதான் அவருடைய எண். செய்முறை எழுதியவர் கரண்டியால் போட்டு அளந்தவர் என்றால் அவருடைய 2 கப் 240 கிராம். நீங்கள் போட்டது 300. கால் பங்கு மாவு கூடுதலாகப் போயிருக்கிறது. அதே முட்டை, அதே வெண்ணெய் அத்தனை மாவுக்கு எப்படிப் போதும்?

#3 எண்ணிக்கைக்காரன்

மாவுக்கரண்டி சொன்னதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

கப் என்பது இடத்தை அளக்கிறது, தராசு பொருளை அளக்கிறது. தண்ணீரில் 1 மில்லிலிட்டர் ஏறக்குறைய 1 கிராம் என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று மனதில் பதிந்துவிடுகிறது. மற்ற பொருள்களுக்கு அது பொருந்தாது. பால் லிட்டருக்குச் சுமார் 1030 கிராம், சமையல் எண்ணெய் சுமார் 920 கிராம், தேன் 1400 கிராமுக்கும் மேல். இவை திரவங்கள். நடுவில் காற்று இல்லாததால், யார் ஊற்றினாலும் எண் மாறாது.

பொடிகளின் கதை வேறு. சர்க்கரைப் படிகத்தின் உண்மையான அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.59 கிராம். ஆனால் 240 மி.லி. கப்பில் சர்க்கரையைத் தலைதட்டி அளந்தால் சுமார் 200 கிராம்தான் இருக்கும். 200-ஐ 1.59-ஆல் வகுத்தால் 126 மி.லி. அதாவது கப்பில் படிகங்கள் பிடித்திருக்கும் இடம் 126 மி.லி., மீதி 114 மி.லி. காற்று. நாம் கப் கணக்கில் அளக்கும் சர்க்கரையில் ஏறக்குறைய பாதி காற்றுதான்.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு கப் நிறைய உலர்ந்த பட்டாணியை எடுத்துக்கொண்டு, அதில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நிரம்பியிருந்த கப்பில் இன்னும் சுமார் 40 சதவீதம் தண்ணீர் இறங்கும். உருண்டைகளை எவ்வளவு ஒழுங்காக அடுக்கினாலும் 74 சதவீதத்துக்கு மேல் இடத்தை நிரப்ப முடியாது என்று கெப்லர் 1611-லேயே ஊகித்தார். அதற்கு நிரூபணம் வர 1998 வரை ஆனது, தந்தவர் தாமஸ் ஹேல்ஸ். ஒழுங்கில்லாமல் கொட்டிக் குலுக்கினால் 64 சதவீதத்தில் நின்றுவிடும். குலுக்காமல் விட்டால் அதைவிடக் குறைவு.

சர்க்கரையும் தூள் உப்பும் ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்கள், கொட்டியதும் தாமாகவே உருண்டு படிந்துவிடும். அதனால் நீங்கள் அளந்தாலும் நான் அளந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. மாவுத் துகள் மிக நுண்ணியது, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நடுவில் காற்றைச் சிறைபிடித்து வைக்கும். சலித்தால் உப்பும், தட்டினால் அமுங்கும். ஆகவே எல்லா அட்டவணையிலும் சர்க்கரைக்கு 200-ஐ ஒட்டிய எண்ணும், மாவுக்கு 112 முதல் 150 வரை பல எண்களும் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம்.

#4 வெண்பனி

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. கப் என்றால் எந்தக் கப்? அமெரிக்கக் கப் 236.6 மி.லி. அங்கேயே ஊட்டச்சத்து லேபிளில் மட்டும் 240 என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியக் கப் 250. ஜப்பானில் 200, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180. பழைய பிரிட்டிஷ் கப் 284. டேபிள்ஸ்பூன் பெரும்பாலும் 15 மி.லி., ஆனால் ஆஸ்திரேலியச் செய்முறை என்றால் 20. ஈஸ்ட் 1 டேபிள்ஸ்பூன் என்று போட்டிருந்தால் இந்த வித்தியாசம் மிகப் பெரிது.

"எந்தக் கப்பாக இருந்தாலும் எல்லாவற்றையும் அதிலேயே அளந்தால் விகிதம் சரியாகிவிடும்" என்று பலரும் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். பாதிதான் உண்மை. கப் பெரிதானால் மாவு கூடும், சர்க்கரை கூடும், ஆனால் முட்டை அதே மூன்றுதானே? பேக்கிங் பவுடர் அதே ஸ்பூன்தானே? தட்டின் அளவும் அதேதான். 236-க்கு எழுதியதை 250-இல் அளந்தால் மாவும் சர்க்கரையும் 6 சதவீதம் கூடிவிடும், முட்டை கூடாது.

#5 மாலைமேகம்

அப்பாடா, நான் செய்தது எங்கே தவறியது என்று இப்போது புரிகிறது. ஆனால் செய்முறை எழுதியவர் எந்தக் கப்பை எடுத்தார், எப்படி அள்ளினார் என்று நமக்கு எப்படித் தெரியும்? அதில் ஒன்றுமே எழுதவில்லை. வெண்ணெய்க்கு மட்டும் அரை கப், 113 கிராம் என்று இருக்கிறது.

#6 எண்ணிக்கைக்காரன்

அந்த ஒரு வரி போதும்! வெண்ணெயில் காற்று இடைவெளி கிடையாது, அமுக்கி அளந்தால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரே எடைதான் வரும். அதன் அடர்த்தி சுமார் 0.96. அரை கப் 113 கிராம் என்றால் ஒரு கப் 226 கிராம். அதை 0.96-ஆல் வகுத்தால் 235 மி.லி. ஆகவே அவர் எடுத்தது அமெரிக்கக் கப். அதே இடத்தில் 120 அல்லது 125 கிராம் என்று போட்டிருந்தால் 250 மி.லி. கப் என்று புரிந்துகொள்ளலாம்.

அள்ளும் முறையை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அவருடைய வேறு செய்முறை எதிலாவது மாவுக்குக் கப்பும் கிராமும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். ஓரிடத்தில் கிடைத்தாலும் போதும், அவர் கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

#7 அடுப்படி

எல்லோரும் சொல்வதைப் படித்தேன். கொஞ்சம் மாறுபடுகிறேன். எத்தனையோ வருடங்களாகக் கப்பிலும் கையிலும்தான் அளக்கிறேன், என் சமையல் கெட்டதில்லை. அரிசி வேகவைக்கக் கப் கணக்கை விட நல்லது எது? ஒன்றுக்கு இரண்டு என்று அதே கப்பில் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. சூப்புக்குக் காய்கறியை எடை போட்டு என்ன ஆகப்போகிறது? தராசு இல்லாமல் சமைக்கவே முடியாது என்கிற எண்ணத்தைப் புதிதாக வருகிறவர்களுக்கு ஏற்படுத்திவிடக் கூடாது என்பது என் கவலை.

#8 மாவுக்கரண்டி

அடுப்படி சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். அடுப்பில் கொதிக்கும் சமையலில் நடுவில் ருசி பார்க்கலாம், தண்ணீர் சேர்க்கலாம், இன்னும் ஐந்து நிமிடம் விடலாம். ஓவனில் கதவை மூடிய பிறகு கை வைக்க வழி இல்லை. அதனால்தான் இந்தப் பேச்சு முழுக்கக் கேக்கையும் ரொட்டியையும் சுற்றி வருகிறது. உங்கள் கை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அள்ளுகிறது, உங்கள் கப்பும் மாறவில்லை. சிக்கல் உங்கள் சமையலறைக்குள் இல்லை. உங்கள் அளவை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும்போதுதான் வருகிறது.

தலைதட்டி அளக்கும் பழக்கமே செய்முறைகளில் நிலைபெற்றது பிற்காலத்தில்தான். 1896-ல் பாஸ்டன் சமையல் பள்ளியின் ஃபேனி ஃபார்மர் கப்பையும் ஸ்பூனையும் தலைதட்டித்தான் அளக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அதற்கு முன்பு ஒரு டீக்கப், முட்டையளவு வெண்ணெய் என்று எழுதுவது சகஜமாக இருந்தது. கப்பை ஒழுங்குபடுத்தியது அந்தக் காலத்தில் பெரிய முன்னேற்றம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

#9 புதுவரவு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அவுன்ஸ் என்று வந்தால் என்ன செய்வது? 8 அவுன்ஸ் தேன் என்று இருந்ததைப் பார்த்து அளவு ஜாடியில் 8 அவுன்ஸ் கோடு வரை ஊற்றினேன். எல்லாம் திகட்டிவிட்டது.

#10 வெண்பனி

அவுன்ஸ் இரண்டு உண்டு. எடை அவுன்ஸ் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் இடத்தை அளப்பது, அமெரிக்காவில் 29.57 மி.லி., பிரிட்டனில் 28.41 மி.லி. பிரிட்டிஷ் காலன் என்பதே 10 பவுண்டு தண்ணீர் பிடிக்கும் இடம் என்றுதான் முதலில் வகுக்கப்பட்டது. அதனால் அவர்களுடைய ஒரு திரவ அவுன்ஸ் தண்ணீர் சரியாக ஒரு அவுன்ஸ் எடை இருக்கும்.  ஆனால் அது தண்ணீருக்கு மட்டுமே பொருந்தும்.

தேனில் 8 திரவ அவுன்ஸ் என்றால் எடையில் 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம். செய்முறை கேட்டது 8 எடை அவுன்ஸ், 227 கிராம். ஒன்றரை மடங்கு ஊற்றியிருக்கிறீர்கள், திகட்டாமல் என்ன செய்யும்? கெட்டியான பொருள், பிசுக்கென்று ஒட்டும் பொருள், பொடி இவற்றுக்கு வெறும் அவுன்ஸ் என்று இருந்தால் எடை என்றே கொள்ளுங்கள். தண்ணீர், பால் என்றால் எப்படி எடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது.

#11 ரொட்டிப்பிரியன்

உப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு அடிபட்டது அங்கேதான். நைசான தூள் உப்பு ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம். சில செதில் உப்புகள் அதே டீஸ்பூனில் 3 கிராம்கூட வராது. செதிலுக்கு எழுதிய 1 டேபிள்ஸ்பூனைத் தூள் உப்பில் போட்டால் உப்பு இரட்டிப்பாகிவிடும். அப்படி ஒரு முறை ஒரு பெரிய ரொட்டியை முழுசாகத் தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது.

அதற்கப்புறம் ரொட்டிக்குக் கப், ஸ்பூன் இரண்டையும் விட்டுவிட்டேன். பேக்கரிக்காரர்கள் வைத்திருக்கும் சதவீதக் கணக்கு இதற்கு அருமையானது. மாவின் எடையை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதன் சதவீதமாகச் சொல்வார்கள். தண்ணீர் 65, உப்பு 2, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 என்றால், 500 கிராம் மாவுக்குத் தண்ணீர் 325 கிராம், உப்பு 10, ஈஸ்ட் 5. மாவு 700 கிராம்தான் இருக்கிறது என்றால் அதற்கும் ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடலாம். கப்பில் இது நடக்காது.

பவுண்டு கேக்கும் அப்படித்தான் பிறந்தது. மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை எல்லாம் ஒவ்வொரு பவுண்டு. எடையில் சொன்னால் ஒரே வரி. அதையே கப்புக்கு மாற்றினால் மாவு முக்கால் குறைய நாலு... மன்னிக்கவும், மூன்றே முக்கால் கப், சர்க்கரை இரண்டேகால், வெண்ணெய் இரண்டு, முட்டை ஒன்பது என்று உருத்தெரியாமல் போய்விடும்.

#12 புதுவரவு

என் தராசில் ஈஸ்ட் 3 கிராம் போட முயன்றால் ரொம்ப நேரம் 0-விலேயே நிற்கிறது, திடீரென்று 4 காட்டுகிறது. தராசு கெட்டுவிட்டதா?

#13 எண்ணிக்கைக்காரன்

கெடவில்லை. ஒரு கிராம் படியில் காட்டும் தராசில் 3 என்று தெரிந்தால் உண்மையில் 2.5 முதல் 3.5 வரை எதுவும் இருக்கலாம். மாவில் அரை கிராம் ஒன்றுமே இல்லை, ஈஸ்டில் அது ஆறில் ஒரு பங்கு. அது தவிர, பல தராசுகள் பூஜ்யத்தைத் தாமாகவே சரிசெய்துகொள்ளும். சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் அது எடையில்லை என்று நினைத்து ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்கே திரும்பிவிடும்.

ஆகவே 5 கிராமுக்குக் கீழே போனால் தலைதட்டிய ஸ்பூன்தான் நம்பகமானது. இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன் சுமார் 3 கிராம், பேக்கிங் பவுடர் 4 முதல் 5. அடிக்கடி ரொட்டி செய்பவர் என்றால் 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

தேனுக்கும் ஒரு வழி சொல்கிறேன். தேன் பாட்டிலையே தராசில் வைத்து பூஜ்யத்தை அழுத்துங்கள். பாட்டிலை எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். −60 என்று காட்டினால் 60 கிராம் ஊற்றியிருக்கிறீர்கள். கப்பில் ஒட்டிக்கொண்டு வீணாவதும் இல்லை, கழுவுகிற வேலையும் இல்லை.

#14 அடுப்படி

இந்தத் தேன் வழி எனக்குப் பிடித்திருக்கிறது, செய்து பார்க்கிறேன்.

என் பங்குக்கு ஒன்று. "சர்க்கரை 1 கப், பொடித்துக்கொள்ளவும்" என்பதும் "பொடித்த சர்க்கரை 1 கப்" என்பதும் வேறு வேறு. முதலாவது 200 கிராம், இரண்டாவது 120 கிராம்தான் வரும். "1 கப் சர்க்கரை பொடித்தது" என்று எழுதிவிட்டால் எது என்று யாருக்கும் புரியாது. மைதாவைச் சலிப்பது, பாதாமை நறுக்குவது எல்லாவற்றுக்கும் இதே கதைதான். செய்முறை எழுதுகிறவர்கள் முதலில் அளப்பதா, முதலில் பொடிப்பதா என்று தெளிவாக ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் எத்தனையோ பேருடைய பொருள் மிஞ்சும்.

#15 மாலைமேகம்

நேற்று முழுக்க இதே வேலையாக இருந்தேன். முதலில் என் கப்பைத் தராசில் வைத்து பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினேன். 249 கிராம். ஆக என்னுடையது 250 மி.லி. கப். அதைத்தான் இத்தனை நாளும் எல்லாச் செய்முறைக்கும் எடுத்திருக்கிறேன்.

அப்புறம் மைதாவை என் வழக்கப்படி அள்ளிப் பத்து முறை எடை போட்டேன். மிகக் குறைந்தது 138, மிக அதிகம் 157. என் கையே எனக்கு ஒத்துவரவில்லை! கரண்டியால் போட்டு அளந்தபோது பத்தும் 125-க்கும் 132-க்கும் நடுவில் வந்தன. சர்க்கரையை ஐந்து முறை அளந்தேன், 4 கிராம்தான் வித்தியாசம். எண்ணிக்கைக்காரன் சொன்னதைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன்.

செய்முறைக்காரரின் இன்னொரு பதிவில் "மைதா ஒன்றரை கப், 180 கிராம்" என்று கிடைத்தது. அவருடைய கப் 120. அதே கேக்கை 240 கிராம் மாவு, 200 சர்க்கரை, 113 வெண்ணெய் என்று போட்டுச் செய்தேன். இந்த முறை கலவை கரண்டியிலிருந்து பட்டையாக, மடிந்து மடிந்து விழுந்தது. மேலே வெடிப்பே இல்லை. உள்ளே மிருதுவாக வந்திருக்கிறது. ஆனால் நடுவில் மட்டும் இன்னும் கொஞ்சம் ஈரம் வேண்டும் போலத் தெரிகிறது. எங்கே விட்டேன்?

#16 வெண்பனி

முட்டையை எடை போட்டீர்களா?

#17 மாலைமேகம்

இல்லையே. மூன்று என்று இருந்தது, மூன்று போட்டேன். இப்போது பெட்டியில் மிச்சம் இருப்பதில் மூன்றை உடைத்துப் பார்த்தேன். ஓடு இல்லாமல் 42, 41, 43.

#18 வெண்பனி

அமெரிக்கச் செய்முறையில் முட்டை என்று மட்டும் இருந்தால் பெரிய முட்டையைத்தான் சொல்வார்கள். ஓடு நீக்கி ஒன்று சுமார் 50 கிராம், மூன்றுக்கு 150. உங்களுடையது எல்லாம் சேர்த்து 126. அடுத்த முறை நாலாவது முட்டை ஒன்றைத் தனியாக உடைத்து, மஞ்சளும் வெள்ளையும் கலக்கும்படி நன்றாக அடித்துக்கொண்டு, அதிலிருந்து 24 கிராம் மட்டும் சேருங்கள். அடிக்காமல் ஊற்றினால் வெள்ளை மொத்தமாக வழுக்கிக்கொண்டு விழுந்துவிடும், அளவு நிற்காது.